மிதக்கிறவன் கட்சி

சென்ற மாதம் எனக்கும் என் மருமகனுக்கும் ஒரு சண்டை. சொத்துத் தகராறு அல்ல. பெண் பார்த்த விவகாரமும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர் தண்ணீரில் எப்படி நகர வேண்டும் என்பதைப் பற்றித்தான் சண்டை. வாசகர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுத் தயவு செய்து மேலே படிக்க வேண்டும். இந்த வழக்கில் நான் ஒரு கட்சிக்காரன்; உங்களில் பலர் எதிர்க்கட்சி.

மருமகன் என் தமக்கையின் பிள்ளை. கம்ப்யூட்டர் படித்தவன். அவன் வேலை பார்த்த கம்பெனி ஒரு நாள் காலையில், நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து எட்டு மாதமாக வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். இரண்டு சிநேகிதர்களுடன் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டுத் தயாரிக்கிறான். விளையாடுகிறவர் முதலில் ஒரே ஒரு நுண்ணுயிராகப் பிறக்க வேண்டும். தின்று, பெருகி, தலைமுறை தலைமுறையாக மாறி, கடைசியில் காலும் கையும் உள்ள பிராணியாகக் கரையேற வேண்டும். பரிணாமத்தையே விளையாட்டாக்கும் யோசனை. யோசனை புதிதல்ல, 2008-ல் வெளிவந்த 'ஸ்போர்' என்ற விளையாட்டு உலகம் முழுவதும் பேசப்பட்டது. இருந்தாலும் நம் வீட்டுப் பிள்ளை செய்கிறான் என்றால் பெருமை இல்லாமல் போகுமா?

"மாமா, நடுநடுவே வர்ற கதையை நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்" என்றான். சம்மதித்தேன். கதை எழுதுமுன் விளையாட்டைப் பார்க்க வேண்டாமா? மாடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

திரையில் நீலத் தண்ணீர். அதில் சிவப்பும் மஞ்சளுமாக உயிர்கள் மோட்டார் சைக்கிள்போலப் பறந்துகொண்டிருந்தன. சாட்டை போன்ற கசையிழை ஒன்று வாங்கிக்கொண்டால் வேகம்; இரண்டு வாங்கினால் இன்னும் வேகம். ஒன்றும் வாங்காதவை சாம்பல் நிறத்தில் அங்கங்கே கிடந்தன. ஓடுகிறவை அவற்றை விழுங்கிக் கொண்டே போயின. நான் கசையிழை வாங்காமல் சும்மா இருந்து பார்த்தேன். அரை நிமிஷத்தில் திரை கறுத்தது. "நீ நகரவில்லை. நீ அழிந்தாய்" என்று எழுத்து வந்தது.

"ஏண்டா, மிதக்கிறது ஒரு குற்றமா?" என்று கேட்டேன்.

"ஓடத் தெரியாததெல்லாம் இரை, மாமா. அதுதானே பரிணாமம்?" என்றான்.

அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அது விஞ்ஞானமும் இல்லை, நீதியும் இல்லை. நாம் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லும் வசவு. அதற்கு யாரோ விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

நான் விஞ்ஞானி அல்ல. ஆனால் கோபம் வந்தால் படிக்கிற வழக்கம் உண்டு. படித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தண்ணீரில் தன்பாட்டில் மிதந்து போகிற உயிர்களுக்கு 1887-ல் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மானியர் 'பிளாங்க்டன்' என்று பெயர் வைத்தார். அலைந்து திரிவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். இந்த நாடோடிக் கூட்டம் அற்பமா? கடலில் வாழும் 'டயாட்டம்' என்ற கண்ணாடி ஓட்டுப் பாசிகள், உலகம் முழுவதிலும் சூரிய ஒளியைக் கொண்டு நடக்கும் உணவுத் தயாரிப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைச் செய்கின்றன. தண்ணீரில் மிதக்கும் அவற்றுக்கு நீந்தும் கசையிழை இல்லை. ஒளியை உண்டு வாழும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம் 'புரோகுளோரோகாக்கஸ்' என்ற பாக்டீரியாவுக்கு. அதைக் கண்டுபிடித்ததே 1980-களில்தான். அதற்கும் கசையிழை கிடையாது. என் மருமகனுடைய திரையில் இவையெல்லாம் சாம்பல் நிறம்!

"சரி, மாமா. அதுங்க செடி மாதிரி. சாப்பிட வேட்டையாடுறது ஓடித்தானே ஆகணும்?" என்றான்.

2019 ஆகஸ்டில் ஓர் இரவு திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் அலைகள் நீலமாக ஒளிவிட்டது நினைவிருக்கிறதா? பட்டணத்து ஜனங்கள் நடுநிசியில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த ஒளிக்குக் காரணம் 'நாக்டிலூகா' என்ற ஒற்றைச் செல் உயிர். அதன் குலம் நீந்துகிற குலம். உறவினர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு கசையிழைகள் உண்டு. இது மட்டும் நீந்துவதை விட்டுவிட்டது. உடம்புக்குள் இருக்கும் உப்புகளின் சேர்க்கையை மாற்றிக் கடல் நீரைவிட இலேசாகி மிதக்கிறது. எதிரே அகப்படும் இரையை ஒட்டிப் பிடித்துத் தின்கிறது. மிதந்துகொண்டே வேட்டை! ஓடுவதிலிருந்து மிதப்பதற்கு வந்ததும் பரிணாமம்தான். மருமகனின் விளையாட்டில் அந்தப் பாதைக்குக் கதவே இல்லை.

இனி ஓட்டத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். நாம் குளத்தில் நீந்துவதுபோல நுண்ணுயிர் நீந்துவதில்லை. அந்தப் பருமனில் தண்ணீர் தேன்பாகு மாதிரி. எட்வர்ட் பர்செல் என்ற பௌதிக மேதை 1977-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பாக்டீரியா கசையிழையைச் சுழற்றுவதை நிறுத்தினால், ஓர் அணுவின் குறுக்களவு தூரம்கூட வழுக்கிப் போகாது. அந்தக் கணமே நின்றுவிடும். காலை எட்டு மணிக்கு நம் லோக்கல் ரயிலில் கதவருகே மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். முட்டும்வரை நகரலாம், முட்டுவதை நிறுத்தினால் நின்ற இடம்தான். மருமகனின் திரையிலோ உயிர்கள் பனிக்கட்டியில் சறுக்குவதுபோல வழுக்கிக்கொண்டு போயின.

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. நீந்தினால் உணவு அதிகம் கிடைக்குமே என்று தோன்றும். நுண்ணிய தூரங்களில் உணவு தானே பரவி வந்து சேர்கிறது. சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறு ஒரு மைக்ரோமீட்டர் தூரம் பரவ அரை மில்லி விநாடி போதும். அதுவே ஒரு சென்டிமீட்டர் பரவ வேண்டுமானால் பதினான்கு மணி நேரம் ஆகும். பக்கத்து வீட்டுக்கு நொடியில் போகும். அடுத்த ஊருக்கு யுகம் ஆகும். ஆகையால் நின்ற இடத்தில் கிடைப்பதற்குமேல் வெறும் பத்து சதவிகிதம் கூடுதல் உணவு வேண்டும் என்றால், அந்தப் பாக்டீரியா விநாடிக்கு 700 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்றார் பர்செல். அதன் உண்மையான வேகமோ சுமார் முப்பதுதான். அப்படியானால் அது ஏன் நீந்துகிறது? இருக்கும் இடத்தைவிட நல்ல இடம் தேடி. அதிலும் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் முட்டுவதால் பத்து விநாடிக்குள் முகமே திரும்பிவிடும்.

இந்த முட்டலுக்குத்தான் பிரௌனிய அசைவு என்று பெயர். ராபர்ட் பிரௌன் 1827-ல் பூந்தாதுத் துகள்களில் கண்டார். ஐன்ஸ்டைன் 1905-ல் விளக்கம் சொன்னார். நம்மவர் பங்கும் இதில் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-ல் இத்தகைய தற்செயல் நடையின் கணிதத்தைத் திரட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். தள்ளாடுகிறவன் எத்தனை தூரம் போவான்? நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு தூரம் போவான். இந்த ஒரு சூத்திரத்தை விளையாட்டில் எழுதி வைத்தால் போதும். மிதக்கிற உயிர் உண்மையாகவே உயிர்போல அசையும்.

இன்னொன்று. ஓடுகிற உயிரும் மிதக்கத்தான் செய்கிறது. ஒரு சோம்பேறி ஓடை விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பாக்டீரியாவின் வேகத்தைப்போல முந்நூறு மடங்குக்கு மேல். வேப்பம்பட்டில் ரயில் ஏறி, பெட்டிக்குள் முன்பக்கமாக ஓடுகிறவன், உட்கார்ந்திருக்கிறவனுக்கு முன்னதாகப் பட்டணம் போய்ச் சேருவானா? இருவரையும் கொண்டு போவது ரயில். விளையாட்டில் அந்த ரயிலையே காணோம். தண்ணீர் வெறும் நீல வர்ணம். அதற்கு ஓட்டமில்லை, அடுக்கில்லை, இரவு பகல் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு மருமகன் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"எல்லாம் சரி மாமா. ஆனா விளையாடுறவன் கையில ஒண்ணும் இல்லைன்னா பத்து செகண்டுல மூடிட்டுப் போயிடுவான்."

இது நியாயமான வாதம், தள்ளிவிட முடியாது. இதற்கு இரண்டு பதில்கள் வைத்திருக்கிறேன்.

முதல் பதில்: பரமபத சோபான படம். வைகுண்ட ஏகாதசி இரவு நம் வீடுகளில் விடிய விடிய ஆடுவார்கள். ஆடுகிறவர் கையில் என்ன இருக்கிறது? தாயக்கட்டை உருளுகிறது, காய் போகிறது. ஏணி வந்தால் ஏற்றம், பாம்பு வந்தால் இறக்கம். புத்தி கெட்டிக்காரனுக்கும் அசடனுக்கும் ஒரே கதி. ஆனாலும் பெரிய பாம்புக்கு முந்தைய கட்டத்தில் காய் நிற்கும்போது பாட்டிமார் முகத்தைப் பார்க்க வேண்டும்! கையில் ஒன்றும் இல்லாதபோதும் நெஞ்சில் பதைப்பு இருக்கலாம்.

இரண்டாவது பதில்: மிதக்கிறவன் கையில் ஒன்றும் இல்லை என்பதே பொய். இதைச் சொல்லிப் பயனில்லை என்று, செய்து காட்டினேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. அதில் சில நாள் விடியற்காலையில் பச்சை வர்ணத்தைக் கரைத்துக் கொட்டியதுபோல ஓர் ஆடை படிந்திருக்கும். வெயில் ஏற ஏற அது மெலிந்துவிடும். நீலப்பச்சைப் பாசியின் வேலை. நம் சென்னைக்கு இந்த ஆராய்ச்சியில் நல்ல பெயர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்கார் பாசிகளின் ஆராய்ச்சிக்கு அடிகோலினார். அந்தப் பரம்பரையில் வந்த டி. வி. தேசிகாசாரி 1959-ல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய பெரிய நூல் அந்தத் துறையில் பிரசித்தம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பாசியை அலட்சியம் செய்யலாமா?

ஒரு காலையில் மருமகனை எழுப்பிக் குட்டைக்கு அழைத்துப் போனேன். இரண்டு தடித்த கண்ணாடிப் பாட்டில்களில் அந்தப் பச்சைத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, இரண்டையும் தக்கையால் இறுக அடைத்தோம். ஒன்றின் தக்கையில் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. இது என் கற்பனை அல்ல. கிளேபான் என்ற ஜெர்மானியர் 1895-ல் செய்த சோதனை. என் மனைவி மட்டும், இருவருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று அபிப்பிராயப்பட்டாள். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தோம். அடிபடாத பாட்டிலில் பாசி மேலே மிதந்தது. அடிபட்டதில் அடியில் போய் மண்டிக் கிடந்தது.

காரணம் இதுதான். அந்தப் பாசியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றைத் தன் புரதத்தால் தானே கட்டுகிறது. ஒளி கிடைத்தால் சர்க்கரைச் சத்தைச் சேர்க்கிறது. பாரம் ஏறிக் கீழே போகிறது. கீழே உப்புச் சத்துகள் கிடைக்கும். இருட்டில் சர்க்கரையைச் செலவழிக்கிறது. பாரம் குறைந்து மேலே வருகிறது. மேலே ஒளி கிடைக்கும். சுத்தியல் அடியின் அழுத்தத்தில் பைகள் நசுங்கின, பாசி மூழ்கியது. ஒரு கசையிழைகூட இல்லாமல் தினமும் ஏறி இறங்குகிற இதைப் 'சும்மா கிடப்பது' என்று எந்த வாயால் சொல்வது?

மருமகன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அதன்பிறகு நாங்கள் சண்டையை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தோம்.

மிதக்கிறவனுக்கு விளையாட்டில் என்ன கொடுக்க வேண்டும்? திசை வேண்டாம், தண்ணீர் அதைக் கொடுக்கும். பாரத்தைக் கொடு. காற்றுப் பை கட்ட எத்தனை புரதம் செலவழிப்பது, சர்க்கரையை எத்தனை சேர்ப்பது என்று அவன் தீர்மானிக்கட்டும். ஆழத்துக்குப் போனால் பை நசுங்கும் என்ற பயமும் இருக்கட்டும். உருவத்தைக் கொடு. பாரமான உருண்டை எந்த வேகத்தில் மூழ்கும் என்று ஸ்டோக்ஸ் 1851-லேயே விதி சொன்னார்: பருமன் இரண்டு மடங்கானால் மூழ்கும் வேகம் நான்கு மடங்கு. பெருத்தால் பலம் என்று எண்ணுகிறவன் அடிமண்ணுக்குப் போவான். சிறுத்தவன் மேலே நிற்பான்.

கடைசியாக, காத்திருப்பதைக் கொடு. சித்திரை வைகாசியில் எங்கள் பக்கத்து ஏரிகளில் பல வறண்டு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், பச்சை! சில பாசிகள் தடித்த சுவருள்ள உறக்கச் செல்களாகச் சேற்றில் காத்திருந்து, தண்ணீர் வந்ததும் முளைக்கின்றன. எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்பதைவிடப் பதைப்பான தீர்மானம் ஒரு விளையாட்டில் வேறென்ன இருக்க முடியும்? நேரத்தை ஓட விடும் ஒரு பொத்தானும் வைத்துவிட்டால், ஓர் இரவு ஒரு நிமிஷத்தில் கழியும். அலுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மிதப்பதைப் புனிதமாக்க எனக்கு உத்தேசமில்லை. மிதக்கிறவற்றில் பெரும்பாலானவை மாண்டுதான் போகின்றன. வேறொன்றின் வாயிலோ, வெளிச்சமில்லாத ஆழத்திலோ. ஓடுகிறவற்றுக்கும் அந்தக் கதி உண்டு. ஓட்டத்துக்கு ஏற்ற இடமும் உண்டு. ஹட்சின்ஸன் என்ற அறிஞர் 1961-ல் ஒரு புதிர் போட்டார்: ஒரே தண்ணீரில், ஒரே சில சத்துகளுக்குப் போட்டியிட்டு, இத்தனை வகை மிதவை உயிர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன? ஒருவன் ஜெயித்து மற்றவனை ஒழிக்குமுன் தண்ணீரின் நிலைமையே மாறிவிடுகிறது என்பது அதற்கு அவர் சொன்ன பதில்களில் ஒன்று. ஜெயிக்கும் குணம் என்று நிரந்தரமாக ஒன்று இல்லை. இன்றைக்கு ஏற்றது நாளைக்குப் பாரம்.

இங்கேதான் வாசகர்களே, உங்களிடம் வருகிறேன். என் நாவல்களைப் படித்துவிட்டு நீங்கள் எழுதும் கடிதங்களில் ஒரு புகார் தவறாமல் இருக்கும். "உங்கள் கதாநாயகி ஏன் ஒன்றுமே செய்யவில்லை? ஏன் எதிர்த்துக் கிளம்பவில்லை? பதினைந்து வருஷம் அந்த வீட்டில் ஏன் காத்துக்கொண்டிருந்தாள்?" ஐயா, அம்மா, அவள் ஒன்றும் செய்யவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எப்போது பேசுவது, எதை விழுங்குவது, எந்தக் காசை எந்த டப்பாவில் போட்டு வைப்பது என்று அவள் ஒவ்வொரு நாளும் பாரத்தை ஏற்றியும் இறக்கியும்தானே மூழ்காமல் இருந்தாள்? கசையிழை தெரியவில்லை என்பதால் அவளுக்குச் சாம்பல் நிறம் பூசிவிட்டீர்கள்.

இதே சாம்பலை என் மருமகன் மேலும் பூசினார்கள். எட்டு மாதத்தில் வீட்டுக்கு வந்த பந்துக்கள் எத்தனை பேர்! வந்தவர் எல்லாரும் காப்பி டம்ளரைக் கீழே வைக்குமுன் கேட்டார்கள்: "பையன் இன்னும் சும்மாதான் மிதந்துண்டிருக்கானா?" அவன் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறான். கேட்ட பிள்ளை மேலே போய் என்ன எழுதினான்? "நீ நகரவில்லை. நீ அழிந்தாய்." நுண்ணுயிருக்கு எழுதிய வாக்கியமா அது?

இதற்காகத்தான் சண்டை போட்டேன். இந்த விளையாட்டை நாளைக்குப் பத்து வயதுப் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுவார்கள். பாடப் புத்தகத்தை மறப்பார்கள். இதை மறக்க மாட்டார்கள். ஓடாதவன் இரை என்பது உலகத்தின் சட்டம், ஆதி உயிரிலிருந்தே அப்படித்தான் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிடும். அப்புறம் வேலை போனவனையும், வியாதியில் கிடப்பவனையும், வயதானவனையும் அவர்கள் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்? பொய்யான பௌதிகத்திலிருந்து பொய்யான நீதிக்கு வெகுதூரம் இல்லை.

மருமகனிடம் என் நிபந்தனைகளைச் சொல்லிவிட்டேன். தண்ணீருக்கு ஓட்டம் கொடு. இரவு பகல் கொடு. மிதக்கிறவனுக்குக் காற்றுப் பையும் பாரமும் உறக்கமும் கொடு. சாம்பலை எடுத்துவிட்டுப் பச்சை போடு. இவ்வளவும் செய்தால் கதைப் பகுதி முழுவதையும் காசு வாங்காமல் எழுதித் தருகிறேன். அந்தக் கறுத்த திரையின் வாக்கியத்தை மாற்றும்வரை ஒரு வரியும் எழுத மாட்டேன்.

நேற்று இரவு பதினொரு மணிக்கு மாடியிலிருந்து கூப்பிட்டான். திரையில் ஒரு பச்சைப் பொட்டு மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. கறுத்த திரைக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று கீழே வந்துவிட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.